சாயங்காலமாக வரச் சொன்னார்கள்

கூரையிலிருந்து ஓர் அத்தாப்பு ஓலைகூட இன்னும் இறங்கவில்லை. அதற்குள் சம்பந்தி கலியாணசுந்தரம் அழைப்பிதழ் அடித்துவிட்டார். மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, தலையில் பிள்ளையார். அது மகனுடைய சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போடுமுன் பையைத் தடவிப் பார்ப்பது பூங்காவனத்தின் வழக்கம். அப்படித்தான் கையில் சிக்கியது.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை போனவள் அவள். பைப்படியில் குந்தியபடியே எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆவணி மாதம், வியாழக்கிழமை காலை, மலாக்கா காஜா பெராங்கில், ‘எங்கள் புதிய இல்லத்தில்’ புதுமனை புகுவிழா. அழைப்பவர்கள் கலியாணசுந்தரம், பாக்கியலட்சுமி. புகுபவர்கள் சேதுராமன், விஜயா. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். பூங்காவனம் என்ற பெயரைத் தவிர எல்லாப் பெயரும் இருந்தது.

புதிய இல்லமாம்! எங்களுடையதாம்!

அவளுக்கு உச்சந்தலைவரை சுறுசுறுவென்று ஏறியது. ஏறாதா பின்னே? அது யார் கட்டிய வீடு என்று கேளுங்கள். முப்பத்தாறாம் வருஷம் அந்த இடம் கணுக்கால் புதையும் சேறு. நகராட்சியில் ரோட்டு வேலை பார்த்த அவள் புருஷன் அப்பாசாமி, வேலை விட்டு வந்ததும் செம்மண் வெட்டிக் கொடுப்பான். இவள் கூடையில் சுமந்து வந்து கொட்டுவாள். நாலரை வயது சேதுராமன் அந்த மண் குவியலில்தான் விளையாடினான். ஏழு மாதம் கொட்டிய பிறகுதான் தரை தரையாக நின்றது. பலகை பலகையாகச் சேர்த்து அடித்த சுவர் அது.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாசாமியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வீட்டைப் போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் ஓடினார்கள். இவள் ஓடவில்லை. காலி வீட்டின் பலகையைக் கூடப் பிடுங்கி விறகாக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தானும் தின்று மகனுக்கும் ஊட்டி, ‘அவர் திரும்பி வந்தா வீடு இருக்கணும்’ என்று மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது வீடு இருந்தது; அடுப்பில் உலையும் இருந்தது.

அந்த அப்பாசாமி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். போன மறுமாதமே அடுப்படிச் சுவரில் ஒரு சன்னல் வெட்டச் சொல்லி, அதன் வழியாகத் தோசை சுட்டு விற்க ஆரம்பித்தாள். விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள், ட்ரைசா மிதிக்கிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பசியாற அந்தச் சன்னலுக்குத்தான் வருவார்கள். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு தடைபட்டிருந்த சேதுராமனை அந்தச் சன்னல்தான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படிக்க வைத்தது. அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனான். கிராணி ஆனதால் கலியாணசுந்தரம் பெண் கொடுத்தார்.

இப்போது சொல்லுங்கள், யாருடைய புதிய இல்லம்?

உள்ளதைச் சொல்ல வேண்டும்: வீட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தாப்பு ஒழுகியது. அடிப்பலகையில் கறையான். தகரக் கூரை போட்டு, முன்பக்கம் இடுப்புயரத்துக்குச் செங்கல் கட்டலாம் என்று மகன் சொன்னபோது அவளுக்கும் சந்தோஷம்தான். வேலை நடக்கும் இரண்டு மாதமும் எல்லாரும் உஜோங் பாசிரில் தன் வீட்டில் வந்து இருக்கலாம் என்று கலியாணசுந்தரம் சொன்னார். அதற்கும் தலையை ஆட்டினாள். கூரை இல்லாத வீட்டில், அதுவும் மலாக்கா மழையில், யார் இருப்பார்கள்? பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை லோரி வருவதாகப் பேச்சு.

போகிற போக்கில் சம்பந்தி ஒன்று சொல்லியிருந்தார். “கிளம்புற அன்னிக்கு அடுப்புல தண்ணி தெளிச்சு அணைச்சிரணும் சம்பந்தியம்மா. வீடு காலியாக் கெடக்கணும். அப்புறம் நல்ல நாள்ல பால் காய்ச்சிப் புகுந்தாத்தான் முறை. அடுப்பு எரியிற வீட்டுக்குப் புகுவிழா கெடையாது, பாத்துக்குங்க.”

அன்றைக்கு அது அவளுக்கு வெறும் சாஸ்திரப் பேச்சாகப் பட்டது. இன்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் முழுசும் புரிந்தது. புகுவிழா என்றால் பால் காய்ச்ச ஒரு சுமங்கலி வேண்டும். தாலி அறுத்தவள் முன்னால் நிற்கக் கூடாது. பின்னாலும் கண்ணில் படக் கூடாது. அவள் அடுப்பை அவள் கையாலேயே அணைக்க வைத்து, பிறகு சம்பந்தியின் மனைவி பாக்கியலட்சுமி வந்து பற்றவைப்பாள். நன்றாக இருக்கிறதே கதை!

மாலையில் சேதுராமன் வந்ததும் அட்டையை அவன் முன்னால் போட்டாள்.

“இது என்னடா?”

அவன் குனிந்து அட்டையை எடுத்தான். “அம்மா, அது சும்மா மாமா…”

“அச்சகத்துக்காரன் பேரு இருக்கு. என் பேரு எங்கடா?”

“நல்ல காரியத்துப் பத்திரிகையில… அது வழக்கம் இல்லேம்மா.”

“சரி, பேரு வேணாம். அன்னிக்கு நான் எங்க இருக்கணும்னு உன் மாமனார் சொன்னாரு?”

அவன் கையைப் பிசைந்தான். பத்துப் பேருக்கு முன்னால் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற கை அது. “காலையில சனம் நெறைய இருக்கும். நீங்க உஜோங் பாசிர்லயே இருந்துட்டு, எல்லாம் முடிஞ்சதும்… சாயங்காலமா வரலாம்னு சொன்னாங்க.”

“சாயங்காலமா!”

“ஒரு நாள்தானேம்மா.”

“ஜப்பான்காரன் துப்பாக்கியோட வாசல்ல நின்னான். அவன்கூட என்னைச் சாயங்காலமா வான்னு சொல்லலேடா!”

மருமகள் விஜயா அடுப்படிக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பன் பக்கம்தான் இருப்பாள், வேறெப்படி என்று பூங்காவனம் அவளையும் சேர்த்தே மனதுக்குள் திட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வேலி ஓரம் வந்து நின்றாள். தலைமுறை தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட மலாக்காச் செட்டிக் குடும்பத்துக்காரி, மலாய்க்காரிபோல் சாரோங் கெபாயா கட்டுவாள், நெற்றியில் திருநீறு பூசுவாள், தமிழ் பத்து வார்த்தைதான் வரும். மற்றதெல்லாம் மலாய். சத்தத்திலேயே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. “பூங்கா, லு ஜாங்ஙான் பிகி லா,” என்றாள். நீ போகாதே என்கிறாள். ‘போனால்?’ என்று இவள் கையை விரித்துக் கேட்டதற்குப் பொன்னம்மா தன் வாசலைக் காட்டி, வெளியே போகிறவளைப் போல் இரண்டு விரலை நடத்திக் காட்டி, பிறகு படாரென்று கதவைச் சாத்துவதுபோல் கையைத் தட்டினாள்.

பூங்காவனம் சாக்கு மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை லோரியோடு கலியாணசுந்தரமே வந்து இறங்கினார். தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, கையில் மடக்குக் குடை. எங்கே போனாலும் நாலு கூலிகளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிற தோரணை அவரை விட்டுப் போகவில்லை.

“சாமானெல்லாம் ரெடியா சம்பந்தியம்மா? மெர்டேக்கா வரப்போவுது, சுதந்திரம்! நாடே புதுசாவுது. நம்ம வீடும் புதுசாயிரணும், இல்லையா?”

“ஆவட்டும் சம்பந்தி. உங்க மகளோட கட்டில், பீரோ எல்லாத்தையும் ஏத்துங்க. நான் வரலே.”

அவர் சிரித்தார். “கூரையைப் பிரிச்சா எங்க இருப்பீங்க?”

“பிரிக்காத பக்கம்.”

“என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்! தலையில பலகை கிலகை விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“என் தலைதானே? நானே சொல்லிக்கிறேன்.”

தச்சுவேலைக்கு ஒப்பந்தம் எடுத்திருந்த ஆ சூன் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுச் சீனர். அவளுடைய சன்னலில் ஆறு வருஷமாகத் தோசை தின்கிறவர். சம்பந்தி அவரைத் துணைக்கு இழுத்தார். ஆள் இருந்தால் வேலை நடக்குமா என்று மலாயில் கேட்டார். முடியாது என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தார். ஆ சூன் காப்பியை ஆற அமரக் குடித்து முடித்துவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்தார். “போலே. செத்தெங்ஙா, செத்தெங்ஙா,” என்றார். செய்யலாம், பாதி பாதியாக. முதலில் முன்கட்டு, அது முடிந்தபின் அடுப்படி. கொஞ்சம் நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கலியாணசுந்தரம் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். லோரி கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு போனது. மகனும் மருமகளும் அதன் பின்னால் சைக்கிளில் போனார்கள். சேதுராமன் திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பெற்றவள் பார்க்கவில்லை, தோசைக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த இரண்டு மாதமும் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. முன்கட்டுக் கூரையைப் பிரித்த அன்றே பிற்பகலில் மழை கொட்டியது. கட்டிய தார்ப்பாய் பிய்ந்துகொண்டு பறந்தது. முழங்கால் நனைய நின்று தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள். அத்தாப்புத் தூசி மாவில் விழுந்தது. மூடி வைத்தால் சட்டினிக்குள் விழுந்தது. காலையில் எழுந்தால் தலைமயிரில் மரத்தூள். இடுப்பு வலி வேறு. ஒருநாள் தகரம் ஏற்றும்போது ஒரு தகடு வழுக்கி, அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தி நின்றது. அன்று மட்டும் உட்கார்ந்து அழுதாள். பயத்தினால் இல்லை. ‘சொன்னேன் பாத்தீங்களா’ என்று அந்த மனுஷன் சொல்ல ஒரு சாக்கு கிடைத்திருக்குமே என்ற ஆத்திரத்தில்.

அடுப்படியைப் பிரிக்கும் நாள் வந்தபோது, அடுப்பிலிருந்த கங்குகளை ஓட்டில் அள்ளி, முன்கட்டில் வைத்திருந்த கரியடுப்புக்குத் தானே சுமந்துபோய்ப் போட்டாள். மூன்று வாரம் அங்கேதான் தோசை. புது அடுப்படி எழும்பியதும் அதே கங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஒரு நாள், ஒரு பொழுது அணையவிடவில்லை. பொன்னம்மா தன் வீட்டிலிருந்து கரி கொண்டுவந்து கொடுத்து, இவள் கங்கு சுமக்கும்போது வழியில் கிடந்த பலகைகளைக் காலால் ஒதுக்கிவிட்டாள்.

சேதுராமன் தினமும் ஆபீஸ் போகும் வழியில் வருவான். சன்னலுக்கு வெளியே மற்றவர்களோடு நின்று தோசை தின்பான். அவள் மூன்று தோசைக்கு நாலாக வைப்பாள், பேசமாட்டாள். அவனும் கைகழுவிவிட்டுப் போய்விடுவான்.

வீட்டிலேயே இருந்ததால்தான் அந்த இன்னொரு அநியாயமும் அவள் கண்ணில் பட்டது. புது அடுப்படிக்குச் சுவர்ப் பலகை அடித்துக்கொண்டே வந்த ஆ சூனின் ஆட்கள், சன்னல் இருந்த இடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு போனார்கள். கையில் மாவு வழிய ஓடிவந்தாள்.

“ஆ சூன்! ஜென்டேலா மானா?” சன்னல் எங்கே?

ஆ சூன் சங்கடத்தோடு காதைச் சொறிந்தார். ‘பெரிய துவான்’, அதாவது சம்பந்தி ஐயா, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கிராணி வீட்டில் பலகாரச் சன்னல் இருந்தால் மரியாதை இல்லையாம். கையிலிருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். முன்னால் கூடம், நடுவில் மகனுக்கும் மருமகளுக்கும் அறை, பின்னால் அடுப்படி. அந்தக் காகிதத்தில் எந்த மூலையிலும் அவள் படுக்க ஓர் இடமில்லை. நின்று பிழைக்க ஒரு சன்னலும் இல்லை.

எவ்வளவு கொழுப்பு! அந்தச் சன்னல் போட்ட சோற்றில் வளர்ந்த மாப்பிள்ளை வேண்டும், சன்னல் மட்டும் மரியாதைக் குறைவா? புதிதாக ஆணியடித்திருந்த பலகைமேல் அவள் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். “இங்க வெட்டு. வெட்டற வரைக்கும் நான் நகரமாட்டேன்.” சொன்னது தமிழில்தான். ஆ சூனுக்கு விளங்கிவிட்டது. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அவள் தோளுக்கு மேலே ஒரு கோடு, இடுப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டார். பழைய சன்னலைவிட அரை முழம் அகலமாகவே வெட்டினார். கூடத்து ஓரத்தில் அவள் கட்டிலுக்கு ஒரு தடுப்பும் தாமாகவே அடித்துக் கொடுத்தார்.

ஆவணி பிறந்தது. அந்த வியாழக்கிழமையும் வந்தது.

அழைப்பிதழ்கள் ஊரெல்லாம் போயிருந்தன. புக்கிட் காதிலிலிருந்தும் ஆயர் குரோ தோட்டத்திலிருந்தும் ஆட்கள் பட்டுச் சேலையும் சந்தனமுமாக வந்து முற்றத்தில் நின்றார்கள். மேளம் ஒன்றுதான் பாக்கி. கலியாணசுந்தரம் ஜரிகை வேட்டி கட்டி முன்னால் வந்தார். அவர் மனைவி பாக்கியலட்சுமி கையில் மஞ்சள் கட்டிய புதுப் பித்தளைப் பானை. சேதுராமன் கையில் பழத்தட்டு. விஜயா பால் செம்போடு அவர்கள் நடுவே வந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து புகை வந்தது.

பக்கச் சன்னலில் வழக்கம்போல் வேலைக்குப் போகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். கல்லில் மாவு சுரீரென்றது. புகுவிழாவுக்கு வந்தவர்களில் இரண்டு பேர் வாசனை பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கலியாணசுந்தரத்தின் காது சிவந்தது. வாசற்படியில் நின்று உள்ளே குரல் கொடுத்தார்.

“சம்பந்தியம்மா! இதென்ன இது? நல்ல நாளும் அதுவுமா! அடுப்பை அணைச்சுட்டு, கோயில் பக்கம் போயி செத்த உக்காந்துட்டு, சாயங்காலமா வரலாமில்ல?”

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூங்காவனம் தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். நனைந்த முந்தானை, வெறும் நெற்றி, கையில் கரி. மறைக்க அவள் எதையும் தேடவில்லை.

“அணைக்கவே இல்லையே சம்பந்தி. ரெண்டு மாசமா ஒரு பொழுதுகூட அணைக்கலே. அடுப்பு எரியிற வீட்டுக்குப் புகுவிழா கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சாஸ்திரம் தெரிஞ்சவங்க. இப்ப சொல்லுங்க, எந்த வீட்டுக்குள்ள புகப் போறீங்க?”

கலியாணசுந்தரம் முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்தார். தான் சொன்னதை இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னபோது நாலு பேர் கேட்டிருந்தார்கள். மகள் பக்கம் திரும்பினார். “நீ வாம்மா விஜயா. வலது காலை எடுத்து வெச்சு உள்ள போ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

விஜயா அசையவில்லை.

“நான் ரெண்டு வருஷத்துக்கு முந்தியே வலது காலை எடுத்து வெச்சு இந்த வீட்டுக்குள்ள வந்துட்டேன்பா,” என்றாள். எல்லாருக்கும் கேட்டது. “அன்னிக்கு ஆரத்தித் தட்டைத் தொடக்கூடாதுன்னு நம்ம ஆளுங்க அத்தையை அடுப்படியிலயே நிக்க வெச்சாங்க. மறந்து போச்சா? நானும் அன்னிக்கு வாயைத் திறக்கலே. ஒரே வீட்டுக்குள்ள எத்தனை தடவைப்பா புகுறது?”

பால் செம்போடு நேராக மாமியாரிடம் நடந்து வந்தாள். “அத்தை, பால் காய்ச்சுங்க. காப்பி போடலாம். எல்லாருக்கும் பசிக்கும்.”

பூங்காவனம் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் திட்டியதெல்லாம் நெஞ்சுக்குள் இடறியது. ஆனாலும் கோபம் கோபம்தான். “இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ரெண்டு மாசம் நான் தனியா மழையில கெடந்தேன்,” என்று அதட்டிவிட்டுத்தான் செம்பை வாங்கினாள். பழத்தட்டோடு மரமாக நின்ற மகனைப் பார்த்து, “அதைக் கீழ வெச்சிட்டு வெறகு எடுத்தாடா,” என்றாள். சேதுராமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

பால் பொங்கியது. கறுத்த அடுப்பின்மேல், கறுத்த பானையில், தாலி இல்லாதவள் கையால்தான் பொங்கியது. வானம் இடிந்து விழவில்லை. புதுத் தகரம் அசையக்கூட இல்லை. சன்னலுக்கு வெளியே பொன்னம்மா கைதட்டிச் சிரித்தாள்.

சனம் முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தது. வாழையிலை போட்டார்கள். பாக்கியலட்சுமி பித்தளைப் பானையைச் சுவரோரம் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே சட்டினி ஊற்றப் போனாள். கலியாணசுந்தரம் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு வேலியருகே நின்றார். போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பூங்காவனம் ஓர் இலையில் சுடச்சுட மூன்று தோசை வைத்து, தானே எடுத்துப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“உக்காருங்க சம்பந்தி. வாசலுக்கு வந்தவங்களைச் சாயங்காலமா வாங்கன்னு சொல்ற வழக்கம் என் வீட்டுல இல்லே.”